காப்பி இருக்கிறதா? கணிப்பொறியைக் கேளுங்கள்!

ஒரு பொருளை வாங்கிவர நடப்பது வேறு. அது இருக்கிறதா என்று பார்த்துவர மட்டும் நடப்பது வேறு. ரேஷன் கடைக்குச் சர்க்கரை வந்துவிட்டதா என்று பார்த்துவரச் சொல்லி, வீட்டிலுள்ள சிறுவனை நாளுக்கு மூன்று முறை விரட்டிய கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். போன நடை மூன்று. கிடைத்த செய்தி 'இன்னும் வரவில்லை' என்பது ஒன்றே. பொருள் இருக்குமிடம் தெரியும், நிலைமைதான் தெரியாது. அதற்காகக் கால் வலிக்கிறது.

இந்த வீண் நடையை ஒழிப்பதற்காக இரண்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த கணிப்பொறி அறிஞர்கள் செய்த வேடிக்கையான வேலைகளைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஒன்று கோலாவுக்காக, மற்றொன்று காப்பிக்காக. 'இத்தனை படித்தவர்களுக்கு வேறு வேலை இல்லையா?' என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றினால் சற்றுப் பொறுங்கள். இணையத்தின் வரலாற்றில் இவ்விரு வேடிக்கைகளுக்கும், பெரிய திட்டங்கள் பலவற்றுக்குக் கிடைக்காத இடம் கிடைத்திருக்கிறது. காரணமில்லாமல் கிடைக்கவில்லை.

விளக்கு சொன்ன சேதி

அமெரிக்காவிலுள்ள பிட்ஸ்பர்க் நகரில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் கணிப்பொறி அறிவியல் துறை அந்நாளில் வீன் ஹால் என்னும் கட்டடத்தில் இயங்கிவந்தது. கட்டடத்தின் மூன்றாவது தளத்தில் கோகோ கோலா விற்கும் தானியங்கி இயந்திரம் ஒன்று நின்றது. காசைப் போட்டால் புட்டி வரும். துறை வளர வளர இடம் போதவில்லை. பலருடைய அறைகள் தள்ளித் தள்ளிப் போயின. தொலைவிலிருந்து தாகத்தோடு நடந்து வருகிறவருக்கு இரண்டு ஏமாற்றங்கள் காத்திருந்தன. ஒன்று, இயந்திரம் காலியாக இருக்கும். மற்றொன்று அதைவிடக் கொடுமை. சற்று முன்தான் புட்டிகளை நிரப்பிவிட்டுப் போயிருப்பார்கள். காசைப் போட்டு எடுத்துப் பார்த்தால் கோலா வெதுவெதுப்பாக இருக்கும்.

1980களின் தொடக்கத்தில், டேவிட் நிக்கல்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு இதற்கொரு வழி தோன்றியது. மைக் கஸார், ஐவர் டர்ஹாம், ஜான் ஸார்னே ஆகியோர் அவருடன் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் செய்த வேலையில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. இயந்திரத்தினுள் ஆறு வரிசைகளில் புட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. எத்தனை புட்டிகள் உள்ளன, அவற்றின் வெப்பநிலை என்ன என்று அறிய, உங்களிடமோ என்னிடமோ சொன்னால் என்ன செய்வோம்? எண்ணும் கருவி ஆறு, வெப்பமானி ஆறு என்று பட்டியல் போடுவோம். அவர்கள் ஒரு வெப்பமானிகூட வைக்கவில்லை.

இயந்திரத்தின் முகப்பில், வரிசைக்கு ஒன்றாக ஆறு சிவப்பு விளக்குகள் ஏற்கெனவே இருந்தன. ஒருவர் புட்டி வாங்கும்போது அந்த வரிசைக்குரிய விளக்கு சில நொடிகள் எரிந்து அணையும். வரிசை காலியாகிவிட்டால் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். இவ்வளவுதான். விளக்குகளின் நிலையை உணரும் சிறு மின்னணுப் பலகை ஒன்றை அவர்கள் பொருத்தினார்கள். அங்கிருந்து கம்பி இழுத்து, துறையின் முதன்மைக் கணிப்பொறியான பி.டி.பி.-10 வரை செய்தி போய்ச் சேரும்படி செய்தார்கள்.

மீதியைக் கணிப்பொறி தானே ஊகித்தது. நொடிக்குப் பலமுறை அது விளக்குகளைப் பார்க்கும். விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைந்தால், ஒரு புட்டி விற்றது என்று பொருள். ஐந்து நொடிக்கு மேலும் எரிந்தால் வரிசை காலி. காலியான வரிசையின் விளக்கு பிறகு எப்போதாவது அணைந்தால், யாரோ வந்து நிரப்பிவிட்டார் என்று பொருள். அந்தக் கணத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். மூன்று மணி நேரம் ஆயிற்றா? 'குளிர்ந்தது' என்று குறித்துவிடும். வெப்பநிலையை அளக்காமலேயே வெப்பநிலையைச் சொல்லியாயிற்று! குளிர்பெட்டிக்குள் வைத்த புட்டி எவ்வளவு நேரத்தில் குளிரும் என்பது தெரிந்த செய்திதானே. காலத்தை அளந்தால் போதும். இருக்கிற ஒரு சைகையிலிருந்து இல்லாத மூன்று செய்திகளைக் கறந்துவிடும் இந்தச் சிக்கனத்தை நான் மிகவும் ரசிக்கிறேன். விலையுயர்ந்த கருவியை வாங்கிப் பொருத்துவதைக் காட்டிலும் கெட்டிக்காரத்தனம் இதற்குத்தான் அதிகம் வேண்டும்.

இந்தச் செய்தியை மற்றவர்கள் எப்படிப் பெறுவது? அக்காலக் கணிப்பொறிகளில் 'ஃபிங்கர்' என்றோர் ஆணை வழக்கத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் விரல் என்று பொருள். 1971-இல் ஸ்டான்ஃபோர்டில் லெஸ் எர்னெஸ்ட் என்பவர் எழுதியது அது. யார் யார் கணிப்பொறியில் வேலை செய்கிறார்கள் என்ற பட்டியலை அங்கிருந்தவர்கள் விரலை வைத்து ஓட்டிப் படிப்பதைப் பார்த்து அவர் இந்தப் பெயரை வைத்தாராம். ஒரு நண்பர் அறையில் இருக்கிறாரா, கடைசியாக எப்போது வந்தார் என்று கேட்பதற்கான ஆணை அது. பிட்ஸ்பர்க்காரர்கள் கோலா இயந்திரத்தையும் ஓர் ஆள்போல ஆக்கிவிட்டார்கள். 'ஃபிங்கர் கோக்' என்று தட்டினால், எந்த வரிசை காலி, எதில் குளிர்ந்த புட்டி, எதில் நிரப்பி எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பதில் வரும்.

அந்தப் பல்கலைக்கழகம் அப்போது ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பில் இணைந்திருந்தது. இன்றைய இணையத்தின் முன்னோடி அது. அதில் இருந்த கணிப்பொறிகளின் எண்ணிக்கை 300-ஐக்கூட எட்டவில்லை. ஆனாலும் அவற்றில் எதன்முன் அமர்ந்திருப்பவரும், கண்டம் தாண்டியிருந்தாலும், பிட்ஸ்பர்க்கில் கோலா குளிர்ந்துவிட்டதா என்று கேட்டறியலாம். கேட்டறிந்து என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியாது. குடிக்க முடியாத கோலாவைப் பற்றித் தெரிந்துகொள்வதில் மனிதனுக்கு ஏதோ ஒரு மகிழ்ச்சி. இந்த மகிழ்ச்சியின் அளவு எவ்வளவு பெரியது என்பது பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, வேறொரு நாட்டில் தெரியவந்தது.

டிரோஜன் அறைக்கு வெளியே

இங்கிலாந்துக்கு வாருங்கள். ஆண்டு 1991. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிப்பொறி ஆய்வுக்கூடம். அங்கே டிரோஜன் அறை என்று ஓர் அறை. அதற்கு வெளியே, நடைவழியில், காப்பி வடிக்கும் இயந்திரம் ஒன்று. சுமார் பதினைந்து ஆராய்ச்சியாளர்களுக்கு அந்த ஒரே குடுவைதான். அவர்களில் சிலர் வேறு தளங்களில் இருந்தவர்கள். படியேறி வந்து பார்த்தால் குடுவையின் அடியில் கறை மட்டும் மிஞ்சியிருக்கும். காப்பி வடிந்த நறுமணம் மூக்கில் பட்டவுடன் பக்கத்து அறைக்காரர்கள் எழுந்து வந்துவிடுவார்கள் என்பதைச் சொல்லவா வேண்டும்? தூரத்திலிருப்பவனுக்கு மணம் எட்டாது. இதை வெறும் சோம்பேறித்தனம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிவது தொலைவில் இருப்பவனுக்கும் தெரிய வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதானே!

குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசர், பால் ஜார்டெட்ஸ்கி என்ற இருவர் அந்தக் கோரிக்கையை ஏற்றுச் செயலில் இறங்கினார்கள். உங்கள் பள்ளி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் குடுவையைப் பிடித்து நிறுத்தும் இரும்புத் தாங்கியைப் பார்த்திருப்பீர்கள். அப்படியொரு தாங்கியில் ஒளிப்படக்கருவியைக் கட்டி, அதன் பார்வையைக் காப்பிக் குடுவையின்மேல் திருப்பினார்கள். கம்பிகளைத் தரைக்கு அடியில் கொண்டுபோய், டிரோஜன் அறையிலிருந்த ஏக்கார்ன் ஆர்க்கிமிடீஸ் என்ற கணிப்பொறியில் சேர்த்தார்கள். படத்தை வலையமைப்பில் அனுப்பும் நிரலை ஜார்டெட்ஸ்கி எழுதினார். அதைப் பெற்று, மேசைமேல் உள்ள திரையின் மூலையில் சிறிதாகக் காட்டும் நிரலை ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசர் எழுதினார். அதற்கு 'எக்ஸ்காஃபி' என்று பெயர். வேலை ஓரிரு நாளில் முடிந்துவிட்டது.

படம் எப்படி இருந்தது? அகலத்தில் 128 புள்ளி, உயரத்தில் 128 புள்ளி. பெருக்கிப் பாருங்கள், மொத்தம் 16,384 புள்ளிகள். நிறம் கிடையாது, கறுப்பிலிருந்து வெள்ளைவரை சாம்பல் சாயல்கள் மட்டும். இன்று சாதாரணக் கைப்பேசி எடுக்கும் 1 கோடியே 20 லட்சம் புள்ளிப் படத்தில், இதைப்போன்ற படங்கள் எழுநூறுக்கு மேல் அடங்கும். அதுவும் நிமிடத்துக்கு மூன்று முறைதான் மாறும். போதுமா என்று கேட்டால், போதும். காப்பி சொட்டுச் சொட்டாகத்தான் இறங்குகிறது. குடுவை நிரம்புவதைப் பார்க்க நிமிடத்துக்கு மூன்று படமே தாராளம். அளக்க வேண்டியது எவ்வளவு வேகத்தில் மாறுகிறதோ, அதற்கு ஏற்ற வேகத்தில் அளந்தால் போதும் என்ற பாடம் இதற்குள் இருக்கிறது. பிட்ஸ்பர்க்கின் மூன்று மணி நேரக் கணக்குக்கு இது உறவுதான்.

இதுவரை எல்லாம் ஆய்வுக்கூடத்துக்குள் நடந்த கதை. 1993-இல் இணையத்தில் ஒரு மாற்றம் ஏற்பட்டது. வையவிரிவலையைப் பார்க்க உதவும் உலாவிகள், எழுத்துகளுக்கு நடுவே படங்களையும் காட்டத் தொடங்கின. அவ்வாண்டு நவம்பரில் டேனியல் கார்டன், மார்ட்டின் ஜான்சன் ஆகிய இருவர் காப்பிக் குடுவையை வலைக்குக் கொண்டுவந்தார்கள். அன்று முதல் உலகத்தில் எவர் வேண்டுமானாலும் அந்தக் குடுவையைப் பார்க்கலாம் என்றாயிற்று.

இதில் புதுமை என்னவென்று யோசியுங்கள். அதுவரை வலைப்பக்கம் என்பது ஏறக்குறைய புத்தகப் பக்கம் போன்றது. ஒருவர் எழுதி வைத்தார். மற்றவர்கள் வந்து படித்தார்கள். காலையில் படித்தாலும் மாலையில் படித்தாலும் அதே பக்கம். காப்பிப் பக்கமோ கேட்கிற கணத்தில் உண்டாகிற பக்கம். ஒரே முகவரிதான், ஒவ்வொரு முறையும் வேறு விடை. படத்தைக் கேட்கிறீர்கள், இப்போதைய நிலைமை வந்து சேருகிறது. இன்று இரயில் எங்கே வருகிறது, மழைமேகம் எங்கே நகருகிறது என்று திரையில் பார்க்கிறோமே, அவற்றின் இயல்பும் இதுவேதான். காப்பிக் குடுவையால்தான் அவையெல்லாம் வந்தன என்று நான் சொல்லவில்லை. அது மிகைப்பட்ட பேச்சு. ஆனால் வலையின் இந்தத் தன்மையை லட்சக்கணக்கானோர் கண்ணால் கண்டு புரிந்துகொண்டது காப்பிக் குடுவையில்தான்.

ஆம், பல லட்சம் பேர் பார்த்தார்கள். கேம்பிரிட்ஜில் இரவாகும்போது விளக்கை அணைத்துவிடுவதால் தங்களுக்குக் குடுவை தெரியவில்லை என்று ஜப்பானிலிருந்து கடிதங்கள் வந்தன. இரவிலும் விளக்கு எரிய ஏற்பாடு ஆயிற்று. ஊருக்கு வந்த அமெரிக்கப் பயணிகள் சிலர், கேம்பிரிட்ஜ் சுற்றுலாத் தகவல் நிலையத்தில் காப்பிக் குடுவைக்கு வழி கேட்டார்களாம். நியூட்டன் படித்த ஊரில்!

புதிய கட்டடத்துக்கு ஆய்வுக்கூடம் இடம் மாறவே, 2001 ஆகஸ்டு 22 அன்று, கிரீன்விச் நேரப்படி காலை 9.54-க்கு அந்தக் காட்சி நின்றது. கடைசிப் படத்தில், நிறுத்துவிசையை நோக்கி நீளும் விரல்கள் மட்டும் தெரிகின்றன. பத்து ஆண்டுகளில் இயந்திரங்கள் பழுதாகிப் பலமுறை மாற்றப்பட்டிருந்தன. கடைசியாக இருந்த க்ரூப்ஸ் இயந்திரம் இணைய ஏலத்துக்கு வந்தது. அதுவும் ஓடாத இயந்திரம்தான். ஜெர்மனியின் 'ஸ்பீகல்' இதழின் இணையப் பிரிவு அதை 3,350 பவுண்டு கொடுத்து வாங்கியது. செய்த நிறுவனமே இலவசமாகப் பழுது பார்த்துத் தந்தது. பிறகு அது ஜெர்மனியில் பாடர்போர்ன் நகரிலுள்ள ஹைன்ஸ் நிக்ஸ்டார்ஃப் கணிப்பொறி அருங்காட்சியகத்துக்கு இரவலாகப் போய்ச் சேர்ந்தது.

சொல்லும் பொருளும் கேட்கும் பொருளும்

நிற்க. கோலா இயந்திரத்துக்கும் காப்பிக் குடுவைக்கும் பொதுவான ஒரு பண்பைக் கவனித்தீர்களா? இரண்டும் தங்கள் நிலைமையைச் சொல்லின. எவருடைய ஆணையையும் ஏற்கவில்லை. ஆர்ப்பாநெட்டின் மறுகோடியிலிருந்து ஒருவர் எத்தனை முறை தட்டினாலும் ஒரு புட்டி கீழே விழாது. ஜப்பானிலிருந்து ஒருவர் எவ்வளவு முயன்றாலும் கேம்பிரிட்ஜில் காப்பி கொட்டாது. செய்தி ஒரு திசையில் மட்டும் ஓடியது. இந்த வேறுபாடு சிறியதாகத் தெரியலாம், சிறியதன்று.

ஆணையை ஏற்ற பொருள் இவற்றுக்கு இடையிலேயே வந்துவிட்டது. 1990-இல் அமெரிக்காவில் நடந்த இன்டராப் என்ற வலையமைப்புக் கண்காட்சியில், ஜான் ராம்கி என்பவர் ரொட்டி சுடும் மின்கருவி ஒன்றை இணையத்தோடு இணைத்துக் காட்டினார். 'உங்களால் முடிந்தால் கண்காட்சியில் நடுநாயகமாக வைக்கிறேன்' என்று அதன் தலைவர் டான் லிஞ்ச் விடுத்த சவாலின் விளைவு அது. கணிப்பொறியிலிருந்து ஆணையிட்டால் மின்சாரம் பாயும். எவ்வளவு நேரம் பாய்கிறதோ அவ்வளவு சிவக்கும். ரொட்டித் துண்டை மட்டும் கையால் வைக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அந்த வேலைக்கும் ஒரு குட்டிப் பாரந்தூக்கியைப் பொருத்திவிட்டார்கள்.

கூட்டம் சிரித்தது. ஆனால் தொலைவிலிருந்து ஒருவர் மின்விசையைப் போடவும் அணைக்கவும் முடியும் என்றால், அந்த ஒருவர் யாராக இருக்கலாம் என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிடுகிறது. 'பொருள்களின் இணையம்' என்ற தொடரைக் கெவின் ஆஷ்டன் 1999-இல் பயன்படுத்தினார். அதன் பிறகு கதவு, விளக்கு, கண்காணிப்புக் கருவி எல்லாம் வரிசையாக வலைக்குள் வந்தன. அந்தக் கேள்விக்கு மட்டும் பலரும் விடை தேடவில்லை. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமலேயே லட்சக்கணக்கான கண்காணிப்புக் கருவிகள் சுவர்களில் ஏறின.

விளைவு 2016-இல் தெரிந்தது. 'மிராய்' என்ற தீய நிரல் ஒன்று, இத்தகைய கருவிகளின் கதவைச் சுமார் 60 பொதுவான பெயர்-கடவுச்சொல் இணைகளைக் கொண்டு தட்டித் தட்டிப் பார்த்தது. திறந்தவற்றையெல்லாம் தன் படையில் சேர்த்துக்கொண்டது. அப்படித் திரட்டிய படையைக் கொண்டு 2016 அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள். இணைய முகவரிப் பெயர்களுக்கு உரிய எண்களைத் தேடித் தரும் நிறுவனம் அது. அன்றைக்கு ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒளிப்படக்கருவியின் பேரப்பிள்ளைகள் என்று இவற்றைச் சொல்லலாம். பாட்டனாருக்குச் சொல்ல மட்டும் தெரிந்திருந்தது. பேரப்பிள்ளைகள் யார் சொன்னாலும் கேட்டார்கள்.

'நான் காப்பிப் பாத்திரம் அல்ல'

இந்த ஆபத்தின் ஒரு பக்கத்தைக் கேலியாகத் தொட்ட ஆவணம் ஒன்று முன்னரே வந்திருந்தது. இணையத்தின் விதிமுறைகள் எண்ணிட்ட ஆவணங்களாக வெளியாகும். 1998 ஏப்ரல் 1 அன்று, அதாவது முட்டாள்கள் தினத்தன்று, அந்த வரிசையில் 2324 என்ற எண்ணோடு ஓர் ஆவணம் வந்தது. எழுதியவர் லாரி மாசின்டர். பொருள், காப்பிப் பாத்திரங்களை வலைவழியே ஆளும் விதிமுறை! காப்பி வடிக்க ஓர் ஆணை. பால் ஊற்றும்போது 'போதும்' என்று சொல்ல ஓர் ஆணை. காஃபீன் நீக்கிய காப்பிக்கு வகை செய்யவில்லை; அப்படிக் குடிப்பதில் என்ன இருக்கிறது என்பது ஆசிரியர் கட்சி. வலையின் அடிப்படை விதிமுறையைப் பொருத்தமில்லாத வேலைகளுக்கெல்லாம் இழுத்து நீட்டுகிறார்களே என்ற எரிச்சலைத்தான் அவர் இப்படிச் சிரிப்பாக எழுதினார்.

வலைத்தளத்தைக் கேட்கும்போது அது ஓர் எண்ணைப் பதிலாகத் தரும். 200 என்றால் எல்லாம் சரி. 404 என்றால் கேட்ட பக்கம் இல்லை. இதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மாசின்டர் தம் ஆவணத்தில் 418 என்று ஒன்றைச் சேர்த்தார். தேநீர்ப் பாத்திரத்தைப் பார்த்துக் காப்பி வடிக்கச் சொன்னால், அது தரவேண்டிய பதில், 'நான் தேநீர்ப் பாத்திரம்' என்பது. தனக்கு உரியதல்லாத ஆணையை மறுக்கத் தெரிந்த பாத்திரம்! வேடிக்கைக்கு எழுதியதாயிற்றே என்று ஒதுக்காமல், நிரல் எழுதுவோர் பலர் இதைத் தங்கள் மென்பொருள்களில் உண்மையாகவே சேர்த்துவிட்டார்கள்.

2017-இல், விதிமுறைகளைப் பராமரிப்பவர்களில் ஒருவர், இந்த எண்ணை வீணாக்க வேண்டாம், மென்பொருள்களிலிருந்து நீக்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 400 முதல் 499 வரை நூறு எண்கள்தானே இருக்கின்றன. ஒன்றை நகைச்சுவைக்குக் கொடுத்துவிட்டால் நாளை தேவைப்படலாம். ஆனால் எதிர்ப்பு கிளம்பியது. 418-ஐக் காப்பாற்றுங்கள் என்று ஓர் இளைஞர் தனித் தளமே தொடங்கினார். நீக்கும் முயற்சி கைவிடப்பட்டது. வலையின் விதிமுறைகளைத் திருத்தி 2022-இல் வெளியிட்ட ஆவணத்தில் 418-க்கு நேரே 'பயன்படுத்தப்படாதது' என்று எழுதியிருக்கிறது. வேடிக்கையாகப் பல இடங்களில் புழங்கிவிட்டதால், இப்போதைக்கு அந்த எண்ணை வேறு எதற்கும் கொடுக்க இயலாது என்ற விளக்கமும் கூடவே இருக்கிறது.